பேச்சிழந்த அப்பாவை விட்டுத் தொலைதூர வேலைக்குப் போகிறேன்: தொடர்பை எப்படிக் காப்பது?

கேள்வி
எழுதியவர்: அல்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பி.பி.ஓ. (செயற்கை உறுப்பு, தாங்கு கருவித் துறையின் பட்டப்படிப்பு) படித்தவள். செயற்கைக் கால், காலிப்பர், முதுகுப் பட்டை போன்றவற்றை அளவெடுத்துச் செய்து பொருத்தும் வேலையைப் பெங்களூரில் பதினோரு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தான்சானியாவின் மோஷி நகரில் உள்ள ஒரு மறுவாழ்வு மையம் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் என்னை அழைத்திருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் மாணவர்கள் வந்து எங்கள் தொழிலைக் கற்றுச் செல்லும் டாட்காட் பயிற்சி நிலையம் 1981 முதல் அந்த ஊரில்தான் இருக்கிறது. எங்கள் துறையினருக்கு மாணவப் பருவத்திலிருந்தே பழக்கமான பெயர் அது. குழந்தைகளுக்கான தாங்கு கருவிகளில் மேலும் கற்க வேண்டும் என்ற என் நெடுநாள் விருப்பம் அங்கே நிறைவேறும். கையெழுத்திட இன்னும் ஒரு மாத அவகாசம் இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் என் அப்பா. பதினான்கு மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சும் போயிற்று. நான் செய்து கொடுத்த ஏ.எஃப்.ஓ.வை (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கருவி) காலில் மாட்டிக்கொண்டு, இடக்கையில் கோலூன்றி, வீட்டு வாசலிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்பும் அளவுக்குத் தேறியிருக்கிறார். பேச்சு மட்டும் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. நாம் சொல்வதில் பெரும்பகுதி அவருக்குப் புரிகிறது. அவர் வாயிலிருந்து வருவதோ "சரி", "அது வந்து", "இல்லம்மா" என்ற மூன்று நான்கு சொற்கள்தாம். வீட்டில் தமிழும் தொழிற்சாலையில் கன்னடமும் ஆங்கிலமுமாக நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

நேரில் இருக்கும்போது எங்களுக்குள் குறையே தெரிவதில்லை. அவர் புருவத்தை உயர்த்தும் விதத்திலேயே காபி வேண்டுமா, செய்தித்தாள் வேண்டுமா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் தொலைபேசி என்றால் எல்லாம் நின்றுபோகிறது. போன வாரம் பட்டறையிலிருந்து வீட்டுக்கு அழைத்தபோது அப்பாவே இடக்கையால் எடுத்தார். நான் வழக்கம்போல், "மாத்திரை சாப்பிட்டீங்களா, நடந்தீங்களா, கால் வலிக்குதா" என்று அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றுக்கும் "சரி" என்றார். பிறகு "அது வந்து... அது வந்து..." என்று ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய கோல் தரையில் ஊன்றும் ஒலி விலகிப் போவதை இங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை இதுவரை என்னால் அறிய முடியவில்லை.

அம்மாவுக்கு வயது 63. தம்பி ஒயிட்ஃபீல்டில் இரவுப் பணியில் இருக்கிறான். இருவருமே என்னைப் போகச் சொல்கிறார்கள். ஆகவே போகலாமா, கூடாதா என்று நான் கேட்கவில்லை. பேச்சால் தொடர்புகொள்ள முடியாத ஒருவருடன் இரண்டு ஆண்டுகள் தொலைவிலிருந்து எப்படி மகளாக இருப்பது என்பதே என் கேள்வி. நம் துறையில் வெளிநாட்டில் பணியாற்றியவர்களும், அப்படிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: லிங்கராஜபுரம்

சகோதரி, நானும் உங்கள் தொழில்தான். 2011 முதல் 2014 வரை கம்போடியாவின் பாட்டம்பாங்கில் இருந்தேன். கண்ணிவெடியில் காலிழந்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழான செயற்கைக் கால் செய்வதே என் அன்றாட வேலை. அந்த மூன்று ஆண்டுகளில் தொழிலில் நான் கற்றது ஏராளம். ஆனால் வீட்டுத் தொடர்பில் நான் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டு முழுவதும் நான் வீட்டுக்கு அழைக்கும்போதெல்லாம் "எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்றுதான் தொடங்குவேன். அதற்கு "நல்லா இருக்கோம்" என்பதைத் தவிர வேறு பதில் வராது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் அம்மா அடுப்படியில் இருப்பதாகச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னணியில் சக்கரம் உருளும் ஒலி கேட்டது. ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்து தடதடக்கும் மருத்துவமனைத் தள்ளுவண்டி அது. அந்த ஒலியோடு நாள்தோறும் வாழ்பவன் நான், அது என் காதுக்குத் தப்புமா? பிடிவாதமாகக் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையும் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "அவன் வேலை கெட வேண்டாம்" என்று வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி மறைத்திருக்கிறார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அதன் பிறகு அவர்கள் நலம் என்று சொன்ன ஒவ்வொரு நாளும் என்னால் நம்ப முடியவில்லை. நம்பிக்கை திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆகையால் புறப்படும் முன் வீட்டாருடன் உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். மருத்துவமனை வாசலை மிதிக்கும்படியான எதுவாக இருந்தாலும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்று அவர்களிடம் வாக்குப் பெறுங்கள். நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள்: சொன்னவுடன் பதறிப் பயணச்சீட்டு எடுக்க மாட்டேன், அழ மாட்டேன், யார் மேலும் பழி போட மாட்டேன் என்று. நாம் பதறுவோம் என்ற அச்சத்தினால்தான் அவர்கள் மறைக்கிறார்கள். அந்த அச்சத்தைப் போக்குவது நம் கையில் இருக்கிறது.

அடுத்தது, தொழில்காரனாக ஒரு செய்தி. அப்பாவின் ஏ.எஃப்.ஓ.வை இப்போதே இன்னொன்று செய்து வையுங்கள். அவருக்காக எடுத்த பாசிட்டிவ் மோல்டை, அதாவது அவர் காலின் வடிவில் வார்த்த பிளாஸ்டர் அச்சை, உடைத்துப் போட்டுவிடாதீர்கள். பெயரும் தேதியும் எழுதி, சாக்கில் சுற்றி, நனையாத இடத்தில் பரணில் ஏற்றுங்கள். கால் பெரிதாக மாறாத வரை, ஏ.எஃப்.ஓ.வின் பிளாஸ்டிக் ஷீட் உடைந்தால் ஜே.பி. நகர் மொபிலிட்டி இந்தியா போன்ற எந்தப் பட்டறையிலும் அந்த மோல்டின் மேல் புதிதாகப் பாலிபுரொப்பிலீன் போர்த்தி எடுக்க முடியும். வெல்க்ரோ பட்டைகள் எப்படியும் ஆறேழு மாதத்தில் பிடிப்பு இழக்கும். அவற்றைத் தெருமுனைத் தையல்காரரிடமே மாற்றிக்கொள்ளத் தம்பிக்குக் காட்டிக் கொடுங்கள்.

தோலைப் பார்ப்பதற்கு வீடியோ அழைப்பை நம்பாதீர்கள். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. குழல்விளக்கு வெளிச்சத்தில், கேமரா வழியாக, அறவே தெரியாது. கணுக்கால் எலும்பின் மேல் புறங்கையை வைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சூடு அடங்காவிட்டால் அன்று மறுபடி மாட்டக் கூடாது. நம்மிடம் வரும் ஒவ்வொரு நோயாளியின் குடும்பத்துக்கும் நாம் சொல்லி அனுப்பும் செய்திதான் இது. நம் வீட்டுக்கு மட்டும் நாமே இருக்கிறோம் என்ற எண்ணத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கம்போடியர்களின் புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் நடுவில்தான் வருகிறது. மையம் மூடியிருக்கும், எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். தனியாக இருந்த அந்த நாளில் நான் பேச எதையும் வைத்துக்கொள்ளாமல் தொலைபேசியை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு, அம்மா மாங்காய்ப் பச்சடி செய்வதைப் பார்த்துக்கொண்டு அங்கே நான் சோறு வடித்தேன். ஒரு மணி நேரத்தில் பத்துச் சொல் பேசியிருப்போம். மூன்று ஆண்டுகளில் எனக்கு நிறைவாக இருந்த அழைப்பு அது. உங்கள் அப்பாவுக்கும் பேச்சு தேவைப்படாத அழைப்புகள் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.


மறுமொழி 2
எழுதியவர்: விவேக் நகரிலிருந்து லீட்ஸ்

வணக்கம். நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். இங்கிலாந்தில் பக்கவாத மறுவாழ்வுப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இருப்பது அஃபேசியா என்று தெரிகிறது. அவரை நேரில் பரிசோதித்தவர் சொல்வதே முதன்மையானது. இருந்தாலும் தொலைபேசி ஏன் அவரை இவ்வளவு வதைக்கிறது என்பதை என்னால் விளக்க முடியும்.

அஃபேசியா அறிவைப் பறிப்பதில்லை. எண்ணம் உள்ளே முழுமையாக இருக்கிறது. அதற்கான சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கேட்பதிலும் ஓரளவு சிரமம் இருக்கும்; விரைந்து, நீளமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும் சொற்கள் நழுவிப் போகும். நேரில் இருக்கும்போது முகம், கை, சுற்றியுள்ள பொருள் எல்லாம் அவருக்குத் துணை செய்கின்றன. குரல் மட்டும் வரும் தொலைபேசியில் அத்தனை துணையும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. அன்று நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் முதலாவதற்கு அவர் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்துவிட்டது. அவர் "சரி" என்றது விடையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. உங்களைக் காக்க வைக்கக் கூடாதே என்பதற்காகச் சொன்ன சொல்லாகத்தான் இருக்கும்.

கனடாவின் டொரொன்டோவில் ஆரா காகன் என்ற வல்லுநர், அஃபேசியா உள்ளவரின் எதிரில் இருப்பவரைப் பழக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்பதை முதலில் அவருக்கு உணர்த்துவதும், பிறகு அவருக்குள் இருப்பது வெளியே வர ஒரு வழி அமைத்துத் தருவதும் அதன் அடிப்படை. மாற வேண்டியவர் நோயாளி மட்டுமல்லர், நாமும்தான் என்ற இந்த எண்ணம் என் வேலை முறையையே மாற்றியது.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திச் சொல்கிறேன். அழைப்பு எப்போதும் வீடியோவாகவே இருக்கட்டும். தொலைபேசியை அவர் கையில் பிடிக்க வேண்டாம், கண் மட்டத்தில் ஒரு தாங்கியில் நிற்கட்டும், அப்போதுதான் அவருடைய இடக்கை பேசுவதற்குக் கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள். கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பேசாதீர்கள். தொலைவில் இருப்பவருக்கு மௌனம் இணைப்பு அறுந்ததுபோல் தோன்றும், அந்தப் பதற்றத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்காமல், ஒரு தாளில் தடித்த பேனாவால் "இட்லி", "உப்புமா" என்று எழுதிக் கேமரா முன் காட்டுங்கள், விரலால் சுட்டுவார். எழுத்துப் படிக்கத் தடுமாறினால் படம் காட்டுங்கள். அவர் ஒன்றைச் சொல்ல முயன்று முடியாதபோது புரிந்ததாக நடிக்காதீர்கள். "இன்னும் எனக்குப் புரியலப்பா, நாளைக்கும் இதையே கேட்கிறேன்" என்று சொல்லிக் குறித்துவைத்து, மறுநாள் உண்மையாகவே கேளுங்கள். என் நோயாளிகளில் பலர் அந்த மறுநாள் கேள்விக்குத்தான் கண் கலங்கியிருக்கிறார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் நம்மவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்துவிடுகிறது. அவர் வீட்டு மொழி தமிழ் என்றால் தமிழிலும் பயிற்சி வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள். 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த பாடல் ஏதேனும் இருந்தால், நீங்கள் முதலடியைத் தொடங்கிப் பாருங்கள். சொந்தமாக ஒரு சொல் எடுக்க முடியாதவர் கூடப் பாடலையும், ஒன்று இரண்டு மூன்று என்ற வரிசையையும், கிழமைகளின் பெயர்களையும் தொடர்ந்து சொல்லிவிடுவது உண்டு. அதனால் பேச்சு திரும்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆனால் இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்து முடித்த மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

அழைப்பு நேரத்தை மாற்றாதீர்கள். எங்கள் ஊரில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுவதால், இந்தியாவுக்கும் எனக்கும் உள்ள இடைவெளி ஐந்தரை மணியாகவும் நாலரை மணியாகவும் மாறிக்கொண்டே இருக்கும். ஊரில் என் பாட்டி ஒவ்வொரு முறையும் நேரம் குழம்பி வருந்துவார். தான்சானியாவில் அந்தத் தொல்லை கிடையாது. ஆண்டு முழுவதும் இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். வீட்டில் இரண்டாவது கடிகாரம் மாட்டி அவரைக் குழப்ப வேண்டாம். இருக்கும் கடிகாரத்திலேயே அழைப்பு நேரத்தில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் மோஷிக்குப் போய்த் தொடங்காதீர்கள். இன்றே தொடங்குங்கள். நீங்கள் மாடியிலோ அடுத்த அறையிலோ உட்கார்ந்துகொண்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் அவரை அழைத்துப் பழக்குங்கள். தவறினால் எழுந்து போய் அருகில் உட்கார்ந்து சரிசெய்யலாம். அந்த வசதி ஒரு மாதத்துக்குத்தான் உங்களுக்கு இருக்கிறது.


மறுமொழி 3
எழுதியவர்: மர்பி டவுன் அம்மா

மகளே, நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் மகள் துபாயில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுடன் வேலை செய்கிறாள். நான் இங்கே பார்க்கின்சன் நோயுள்ள என் கணவரோடு இருக்கிறேன். அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அதனால் போட்டிம் என்ற செயலியை என் தொலைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். கருவிகள் எல்லாம் பழகிவிட்டன. எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று.

தொடக்கத்தில் அவள் அழைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். "அப்பாவுக்கு உடற்பயிற்சி செய்தீங்களா, எத்தனை முறை செய்தீங்க, பட்டன் போட விட்டீங்களா, நீங்களே போட்டு விட்டீங்களா" என்று கேட்பாள். அவள் கேட்பதில் ஒன்றும் தவறில்லை. அவளுடைய படிப்பு அது. ஆனால் நாள் முழுவதும் ஒருவரைத் தூக்கி, உட்கார வைத்து, ஊட்டிவிட்டு, இரவில் மூன்று முறை எழுந்து களைத்துப்போனவளுக்கு அது தேர்வெழுதுவது போல் இருந்தது. செய்யாததையும் செய்தேன் என்று பொய் சொல்லத் தொடங்கினேன். ஒரு நாள் தாங்க முடியாமல், "நீ எனக்கு மகளாகப் பேசு, உன் நோயாளியின் அம்மாவிடம் பேசுவதுபோல் பேசாதே" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவளும் அழுதாள்.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் மட்டும் அப்பாவின் மருந்து, பயிற்சி, கணக்கு வழக்கு. மற்ற நாட்களில் அந்தப் பேச்சே கிடையாது. அவள் என்ன சமைத்தாள், கூட வேலை செய்யும் பெண்ணுக்கு நிச்சயம் ஆயிற்றா, நான் அல்சூர் சந்தையில் என்ன விலைக்கு மல்லிகை வாங்கினேன், இவைதாம். உன் அம்மா போகச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். உண்மையாகவே சொல்லியிருப்பாள். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பகலாவது அவளுக்கு ஓய்வு கிடைக்கும்படி சம்பளத்துக்கு ஓர் ஆளை நீ இருக்கும்போதே அமர்த்து. நீ போன பிறகு அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். உன் அப்பாவுக்கு ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கியாகிவிட்டதா? இல்லையென்றால் அதையும் முடித்துவிட்டுப் போ. அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அலைவது அம்மா ஒருத்தியால் ஆகாது. அழைக்கும்போது முதலில் அம்மாவின் முழங்கால் வலியைக் கேள், பிறகு அப்பாவைக் கேள்.


மறுமொழி 4
எழுதியவர்: ஜீவன்பீமா நகர், இப்போது அருஷா

நான் பிசியோதெரபிஸ்ட், மோஷிக்குப் பக்கத்து நகரான அருஷாவில் இருக்கிறேன். மேலே எழுதியவர்கள் சொல்லாத சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

சுவாஹிலி மொழியில் மணியை நம் நாழிகைக் கணக்கைப் போல விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணியை அவர்கள் முதல் மணி என்பார்கள். மாலை ஐந்து பதினோராம் மணி ஆகிவிடும். வந்த புதிதில் "நான்காம் மணிக்குக் கூட்டம்" என்று சொன்னதைக் கேட்டு நான் பிற்பகல் நான்கு மணிக்குப் போய் நின்றேன். அது காலை பத்து மணிக்கே நடந்து முடிந்திருந்தது. வீட்டுக்கு அழைப்பதாகச் சொன்ன நேரத்தோடு வேலை நேரம் மோதாமல் இருக்க, எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் அவ்வப்போது போகும். வீட்டு இணையத்தை மட்டும் நம்பாமல் கைப்பேசியில் தனி டேட்டாவும், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும் வைத்திருங்கள். அழைக்க முடியாத நாளில் காட்டுவதற்காக அப்பாவுக்கென்று முப்பது நொடி வீடியோக்கள் நான்கைந்து முன்கூட்டியே எடுத்துத் தம்பியிடம் கொடுத்துவையுங்கள்.

அவசரமாக ஊர் திரும்ப நேர்ந்தால் பெரும்பாலும் நைரோபி வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோதான் வருவீர்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாக வருபவர்களிடம் நம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிட முடியும். அப்பாவைப் பார்க்க ஓடி வருகிறவருக்கு அந்த ஆறு நாள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும் என்பதால் பெங்களூரிலேயே போட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

இங்கே யாரும் எடுத்தவுடன் வேலையைப் பேச மாட்டார்கள். "ஹபாரி ஸா ந்யும்பானி", அதாவது "வீட்டில் என்ன செய்தி" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்த தாய்கூட என்னிடம் முதலில் அதைத்தான் கேட்பார். பெங்களூரில் என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவரிடம் ஒரு முறை சொன்னேன். அடுத்த மாதம் வந்தபோது மறவாமல் அவரைப் பற்றிக் கேட்டார். உங்கள் அப்பாவின் படம் ஒன்றை உங்கள் மேசையில் வையுங்கள். உங்கள் நோயாளிகள் அவரை நலம் விசாரிப்பதை வீடியோவாக எடுத்து, அவர்கள் ஒப்புதலோடு, அவருக்குக் காட்டலாம்.


அல்சூர்வாசியின் பதில் (பதினெட்டு நாட்களுக்குப் பிறகு)

எழுதிய அனைவருக்கும் வணக்கமும் நன்றியும். லீட்ஸ் சகோதரி சொன்னதை மறுநாளே தொடங்கிவிட்டேன். இரவு ஏழரை மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போய் அப்பாவை அழைக்கிறேன். அப்போது மோஷியில் மாலை ஐந்து மணி, என் வேலை முடியும் நேரம். கூடத்துக் கடிகாரத்தில் ஏழரைக்கு நேராகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறேன்.

முதல் நான்கு நாட்கள் சரியாக வரவில்லை. மேலே இருக்கிற மகள் ஏன் தொலைபேசியில் பேசுகிறாள் என்று அப்பாவுக்கு எரிச்சல். ஐந்தாம் நாள் நான் எதுவும் கேட்காமல், மாடியில் துணி மடிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அவருடைய வேட்டியைத் திரையில் சுட்டிக் காட்டினார். காற்றில் கொடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. எடுத்து மடித்தேன். "சரி" என்றார். அது விடையாகவே சொன்ன "சரி".

அன்று கட்டிலில் வைத்துவிட்டுப் போன செய்தியையும் மறுபடி மறுபடி கேட்டேன். தாளில் "கால்", "மருந்து", "பணம்", "அம்மா" என்று எழுதிக் காட்டினேன். "அம்மா" என்பதில் விரல் வைத்தார். அதன்மேல் இன்னும் நான்கு தாள் எழுதிய பிறகு தெரிந்தது: அன்று காலை அம்மா தலைசுற்றி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்; யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா சொல்லத்தான் முயன்றிருக்கிறார். மறுநாளே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, மாத்திரை தொடங்கியாகிவிட்டது. லிங்கராஜபுரம் அண்ணன் சொன்ன உடன்பாட்டை அன்று இரவே நால்வரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். அப்பா முன்னால் வைத்தே பேசினோம். முடிவில் அவர் அம்மாவை நோக்கிச் சுட்டு விரலை ஆட்டினார்.

மர்பி டவுன் அம்மா அவர்களுக்கு: செவ்வாயும் வெள்ளியும் பகலில் துணைக்கு வர ஒருவரை அமர்த்திவிட்டேன். அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தாயிற்று. அருஷாக்காரர் சொன்ன ஊசியும் போட்டுக்கொண்டேன்.

நேற்றுப் பட்டறையில் வேலை நீண்டுவிட்டதால் ஏழு நாற்பதுக்குத்தான் அழைக்க முடிந்தது. திரை தெளிவானதும் அப்பாவின் முகம் தெரியவில்லை. கூடத்துக் கடிகாரம்தான் தெரிந்தது. தம்பியைத் தொலைபேசியை அதன் பக்கம் திருப்பச் செய்திருக்கிறார். அவருடைய கோலின் முனை சிவப்புப் பொட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்திடுகிறேன். இரண்டாவது ஏ.எஃப்.ஓ.வுக்கு நாளைக் காலை அவர் காலில் பிளாஸ்டர் எடுக்கிறேன்.